படைவீரர் மனைவியரும் பொதுப் பணிக்கூடமும்
(கூட்டுறவுப் பாடம்)



ஆரணிப் பட்டுக்குப் பேர்போன நம் வட்டாரத்தில், போளூர்ப் பக்கம், திருமலை என்னும் சமணத் திருத்தலம் உள்ளது. அதன் அடிவாரத்துப் பாறையொன்றில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. அது 11 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அரசனுடைய படை வென்ற நாடுகளைக் கங்கை வரையில் அது வரிசையாகக் கூறுகிறது. அதன் பின்னர், சாமுண்டப்பை என்னும் வணிகர் மனைவி ஒருவர், அங்குள்ள குந்தவை ஜினாலயத்துக்கு விளக்கெரிக்கவும் திருவமுது படைக்கவும் காசு கொடுத்த செய்தியைத் தெரிவிக்கிறது.

படை சென்ற இடங்களையெல்லாம் எழுதி வைத்த அந்தக் கல்லில், படைவீரர்கள் வீட்டில் விட்டுச் சென்ற பெண்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும், தன் பெயரால் கொடை கொடுத்த ஒரு பெண்ணின் பெயர் ஆயிரம் ஆண்டுகளாக அங்கே நிலைத்திருக்கிறது. இம்மாதப் பாடத்தின் பொருள் இவ்விரண்டையும் சேர்ந்தது. படைவீரரை மணந்த பெண், தன் தொழிலையும் தன் பெயரில் உள்ள வருவாயையும் இழக்காமல் இருப்பது எவ்வாறு? அதற்குக் கூட்டுறவுச் சங்கம் செய்யக்கூடியது யாது?

நம்மூருக்கு இது புறம்பான செய்தியா?

இல்லை. 1989 ஆம் ஆண்டு வரையில் ஆரணியும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் கொடுத்து வரும் பகுதி அது. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவரேனும் படையில் இருந்தவர் என்று சொல்லுமளவுக்கு அவ்வூர் பெயர் பெற்று, ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கப்படுகிறது. நம் நெசவாளர் தெருக்களிலிருந்தும், நெல் விளையும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் படைக்குச் சென்றவர்கள் பலர். அவர்களுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்களில் தார் சுற்றவும், தறியில் அமரவும், கணக்கெழுதவும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

2019-20 ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கைத்தறித் தொழிலாளர் 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களில் 100 க்கு ஏறத்தாழ 72 பேர் பெண்கள். ஆகவே, தொழில் தெரிந்த ஒரு பெண் தறியை விட்டு விலகுவது அவள் வீட்டுக்கு மட்டும் நட்டமன்று. கைகள் குறைந்துவரும் நம் தொழிலுக்கும் நட்டமே.

படைவீட்டாரின் வாழ்க்கை முறை

படைவீரர் ஓரிடத்தில் நிலையாக இருப்பவர் அல்லர். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை அவருக்கு இடமாற்றம் வருகிறது. எல்லைப் பகுதியில் பணியாற்றும் காலத்தைப் படைவீட்டார் ‘பீல்டு’ என்பர். அங்கே குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல இயலாது. உள்நாட்டு முகாம்களில் பணியாற்றும் காலத்தை ‘பீஸ்’ என்பர். அங்கே குடியிருப்பு கிடைத்தால் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாம். எனவே படைவீரர் மனைவி சில ஆண்டுகள் தாய்வீட்டிலோ மாமியார் வீட்டிலோ இருக்கிறாள். சில ஆண்டுகள் ஜலந்தரிலோ, ஜோத்பூரிலோ, நம் மாநிலத்திலேயே வெலிங்டன், ஆவடி, சூலூர், அரக்கோணம் போன்ற இடங்களிலோ வாழ்கிறாள்.

அரசாங்க உத்தியோகத்தில் உள்ள கணவன் மனைவியரைக் கூடுமானவரை ஒரே ஊரில் அமர்த்த வேண்டும் என்று மத்திய அரசு 1986 இல் நெறிமுறை வகுத்தது. 2009 இல் அதை மேலும் வலியுறுத்தியது. ஆசிரியைக்கும் எழுத்தருக்கும் இது உதவக்கூடும். ஆனால் பட்டு நெய்பவளுக்கோ, தையற்காரிக்கோ, வயலைப் பார்த்துக்கொள்பவளுக்கோ இடமாற்ற உத்தரவு தர யார் இருக்கிறார்கள்? அவளுக்குச் சங்கமே துணை.

இழப்பவை நான்கு

ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். நெசவாளர் வீட்டில் பிறந்தவள். பதினைந்து வயதில் தார் சுற்றி, இருபது வயதில் தறியில் அமர்ந்தவள். படைவீரர் ஒருவருக்கு மணம் முடிக்கப்பட்டாள். கணவருக்கு வடக்கே குடியிருப்புக் கிடைத்து, அவளும் புறப்படுகிறாள். அப்போது அவள் எவற்றை இழக்கிறாள்?

முதலாவது, கருவி. குழித்தறி நிலத்தோடு பிணைந்தது. அதைப் பெட்டியில் வைத்து இரயிலில் ஏற்ற முடியாது. இரண்டாவது, உடனுழைப்போர். பாவு ஓடுவதற்கு ஆட்கள் வேண்டும். அச்சு பிணைக்கத் தெரிந்தவர் வேண்டும். சாயம் போடுபவர் வேண்டும். நெசவு தனியொருவர் தொழிலாகத் தோன்றினும், ஒரு தெருவே சேர்ந்து செய்யும் தொழில் அது. மூன்றாவது, சங்கத்தோடு உள்ள தொடர்பு. சங்கத்தின் நடவடிக்கை எல்லையை விட்டு வெளியே குடியேறினால் பட்டு நூல் பெறுவதும், கூலி பெறுவதும், கடன் பெறுவதும் நின்றுவிடுகின்றன. நான்காவது, கைப்பழக்கம். மூன்றாண்டு தறியில் அமராத கை, திரும்ப அமரும்போது பழைய வேகத்தையும் துணிவையும் காட்டுவதில்லை.

கணவர் ‘பீல்டு’க்குச் செல்லும்போது அவள் ஊருக்குத் திரும்பி வருகிறாள். ஆனால் தாய்வீட்டில் இருந்த தறிக்குழியை இதற்குள் மூடியிருப்பார்கள். அல்லது தம்பி மனைவி அதில் அமர்ந்திருப்பாள். தறி தெரிந்தவள் தறி இன்றி இருக்கிறாள். இதுவே நம் பிரச்னையின் உயிர்நிலை.

பிற இடங்களில் செய்தவை

இப்பிரச்னை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டுப் பாதுகாப்புத் துறை 2021 இல் எடுத்த கணிப்பில், படைவீரரின் வாழ்க்கைத் துணைவர்களில் வேலை செய்ய விரும்புவோரிடையே 100 க்கு ஏறத்தாழ 21 பேர் வேலையின்றி இருப்பது தெரியவந்தது. ஒரு மாநிலத்தில் பெற்ற தொழில் உரிமம் மற்றொரு மாநிலத்தில் செல்லாமற் போவது அதற்கு ஒரு காரணம். ஆகவே, படைவீரரின் துணைவர் இடம் பெயரும்போது, வழக்கறிஞர் தொழில் நீங்கலாக மற்ற உரிமங்களைப் புதிய மாநிலமும் ஏற்கும்படி 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே சட்டம் வந்தது.

இங்கிலாந்தில் அண்மைய ஆண்டுகளில் படைமுகாம்களிலும் அவற்றின் அருகிலும் பொதுப் பணிக்கூடங்கள் அமைக்கப்பட்டுள்ளன. மேசை, நாற்காலி, மின்சாரம், இணையத் தொடர்பு ஆகியவற்றோடு ஓர் அறை. அதில் பலர் அமர்ந்து அவரவர் தொழிலைச் செய்கின்றனர். ஒருத்தி கணக்கு எழுதுகிறாள். மற்றொருத்தி படம் வரைகிறாள். வேறொருத்தி தொலைவிலுள்ள நிறுவனத்துக்கு வேலை செய்கிறாள். இடமாற்றம் வந்தால் அடுத்த முகாமிலும் அத்தகைய கூடம் இருக்குமாயின் அவள் வேலை அறுபடுவதில்லை. தனிமையும் குறைகிறது.

நம் நாட்டில் 1966 இல் இராணுவ மனைவியர் நலச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. படைவீரரின் மனைவியர், குழந்தைகள், போரில் கணவரை இழந்தவர்கள் ஆகியோருக்குத் தொழிற்பயிற்சி அளிப்பது அதன் பணிகளில் ஒன்று. கடற்படைக்கும் விமானப்படைக்கும் இவ்வாறே சங்கங்கள் உண்டு. நம் மாநிலத்தில் மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இயங்குகிறது. ஆகவே பயிற்சி கிடைக்காமல் இல்லை. பயிற்சி பெற்ற பின் அமர்ந்து தொழில் செய்ய இடமும், தொடர்ந்து வேலை கொடுக்கும் அமைப்புமே குறைவாக உள்ளன.

கூட்டுறவு இதனைச் செய்யவல்லது என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 1959 இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட்டு விற்கத் தொடங்கினர். அதுவே பின்னர் லிஜ்ஜத் என்னும் பெரும் ஸ்தாபனமாக வளர்ந்தது. அங்கே மாவு பொது இடத்தில் பிசையப்படுகிறது. பெண்கள் அதைப் பெற்றுச் சென்று வீட்டில் இட்டுக் காயவைத்து, எடைபோட்டுக் கொடுத்துக் கூலி பெறுகின்றனர். நம் மாநிலத்தில் பள்ளி மாணவர்க்கு அரசு வழங்கும் விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தார் தைத்துத் தருகின்றனர். பொதுவான இடம், தனித்தனி உழைப்பு, ஒழுங்கான எடையும் கணக்கும் ஆகிய மூன்றுமே இவற்றின் அடிப்படை.

பாவுத் தெருவே முதற் பணிக்கூடம்

‘பொதுப் பணிக்கூடம்’ என்பதைப் புதுமையாக எண்ணி அஞ்ச வேண்டுவதில்லை. 2005 இல் அமெரிக்க நகரமான சான் பிரான்சிஸ்கோவில் இது தோன்றியதாகச் சொல்வர். ஆனால் நெசவாளர் தெருவை நேராகவும் அகலமாகவும் நம் முன்னோர் அமைத்தது எதற்காக? எவர் வீட்டிலும் பாவு நீட்ட இடம் போதாது என்பதற்காக. அதிகாலையில் தெருவே பொதுக்கூடமாகிறது. பாவு ஒருவருடையது, இடம் எல்லோருக்கும் உரியது, கை கொடுப்பவர் அண்டை வீட்டார். இன்று இவர் பாவுக்கு அவர் நிற்பார். நாளை அவர் பாவுக்கு இவர் நிற்பார். அந்த வழக்கத்துக்குக் கூரையும் கணக்குப் புத்தகமும் கொடுத்தால் அதுவே பொதுப் பணிக்கூடம்.

எவ்வேலை எங்கே?

கூடம் அமைக்குமுன் வேலைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நலம்.

(1) நிலத்தில் நிற்கும் வேலை. தறி நெய்தல், பாவு ஓடுதல் இவ்வகையைச் சேர்ந்தவை. ஊரில் இருக்கும் காலத்தில் மட்டுமே செய்ய இயலும். இதற்குச் சங்கக் கூடத்தில் இரண்டு மூன்று தறிகளைப் பொதுத் தறிகளாக நிறுத்த வேண்டும். திரும்பி வந்த பெண்ணுக்கு அவற்றில் முதலுரிமை அளிக்கலாம்.

(2) பையில் செல்லும் வேலை. சேலை முந்தானைக்குக் குச்சு கட்டுதல், இரவிக்கைக்கு ஆரி வேலை, தையல் ஆகியவை. இவற்றின் கருவிகள் சிறியவை. சேலையை அஞ்சலில் அனுப்பி, வேலை முடித்துத் திருப்பிப் பெறலாம்.

(3) தலையில் செல்லும் வேலை. சேலைக்கரைக்கு வடிவம் வரைதல், சங்கக் கணக்கு எழுதுதல், விற்பனைக் கடிதம் எழுதுதல், இணையத்தின் வழியே ஆர்டர் பெறுதல் ஆகியவை. முன்னாளில் ஜாக்கார்டுக்கான வடிவத்தைக் கட்டத்தாளில் எழுதி, அட்டையில் துளையிட்டனர். இந்நாளில் கணினியில் வரைந்து நொடியில் அனுப்புகின்றனர். தறியை அறிந்தவள் வரையும் வடிவமே தறியில் பிழையின்றி ஏறும். ஆகவே நெய்யத் தெரிந்த பெண்ணுக்கு வடிவம் வரையவும் கற்றுக்கொடுத்தால், அவள் எந்த ஊருக்குச் சென்றாலும் நம் சங்கத்தின் தொழிலாளியாகவே இருப்பாள்.

ஊரில் உள்ளபோது முதல் வகை. வெளியூர் சென்றபோது இரண்டாம், மூன்றாம் வகை. திரும்பி வந்தபோது மீண்டும் முதல் வகை. இவ்வாறு மாற்றி மாற்றிக் கொடுத்தால் தொழில் இழை அறுவதில்லை.

விவசாய அங்கத்தினரும் இதனைத் தமக்கு அப்பாற்பட்டதாகக் கருதலாகாது. கணவர் எல்லையில் இருக்க, நெல் வயலையும் மல்பெரித் தோட்டத்தையும் பார்த்துக்கொள்பவள் அவளே. பட்டா கணவர் பெயரில் இருப்பின், கடன் மனு அவர் கையொப்பத்துக்காகக் காத்துக்கிடக்கும், பருவம் காத்திராது. அவர் புறப்படுமுன்னரே அதிகாரப் பத்திரம் முதலியவற்றை எழுதி வைக்க உதவுவதும், மனு எழுத ஒரு மேசை தருவதும் இக்கூடத்தின் பணியாகலாம்.

கணக்குப் பாடம்

நல்லெண்ணத்தால் தொடங்கிக் கணக்கின்மையால் மூடப்பட்ட கூடங்கள் பல. ஆகவே ஓர் எடுத்துக்காட்டைக் கவனிப்போம். எண்கள் பாடத்துக்காக வைத்துக்கொண்டவை.

வாடகை, மின்சாரம், இணையம், காவல் ஆகியவற்றுக்கு மாதம் 9,000 ரூபாய் செலவு என்க. இடங்கள் 12. நிர்வாகக் குழுவினர் 9,000 த்தை 12 ஆல் வகுத்து, ஓர் இடத்துக்கு 750 ரூபாய் என்று கட்டணம் வைக்கின்றனர். ஆனால் படைவீட்டுப் பெண்கள் வருவதும் போவதுமாக இருப்பர். சராசரி 9 இடங்களே நிரம்புகின்றன. வரவு 6,750 ரூபாய், பற்றாக்குறை மாதம் 2,250, ஆண்டுக்கு 27,000. இரண்டாம் ஆண்டில் கூடம் பூட்டப்படும்.

9 இடங்களைக் கொண்டு கணக்கிட்டால் ஓர் இடத்துக்கு 1,000 ரூபாய் ஆகிறது. அது பலருக்குச் சுமை. அவ்வாறாயின் என் செய்வது? முற்பகல் ஒருவர், பிற்பகல் ஒருவர் என அதே 9 இடங்களை 18 பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு 500 ரூபாய் போதும். குழந்தை பள்ளிக்குச் சென்றுள்ள நேரத்தில் மட்டுமே வரக்கூடிய தாய்க்கு அரைநாளே வசதியானது. எனவே இரண்டு விதிகள்: நிரம்பும் என்று நம்பும் இடங்களைக் கொண்டு கணக்கிடாமல், நிரம்பிய இடங்களைக் கொண்டு கணக்கிடுக, நாளை இரண்டாகப் பகிர்க.

பட்டு விலையுயர்ந்த பொருள். ஆகவே கொடுத்த நூலின் எடை, திரும்பிய சேலையின் எடை, கழிவின் எடை ஆகிய மூன்றையும் அவள் கண் முன்னே நிறுத்து, இரு புத்தகங்களில் பதிய வேண்டும். ஒன்று சங்கத்தில் இருக்கும். மற்றொன்று அவள் கையில் இருக்கும். இதனால் சங்கத்துக்கும் ஐயமில்லை, அவளுக்கும் அவமானமில்லை.

எழக்கூடிய ஆட்சேபங்கள்

பொதுக்குழுவில் மூன்று ஆட்சேபங்கள் எழுவதை எதிர்பார்க்கலாம்.

“இன்று இருப்பாள், நாளை போய்விடுவாள், அவளுக்கு எதற்குத் தறி?” என்பது முதலாவது. போவது உண்மையே. ஆனால் அவள் போவது அவள் விருப்பத்தால் அன்று. மேலும், போகிறவள் திரும்பியும் வருகிறாள். காலியாகும் இடத்தில் அடுத்தவள் அமர்வாள். பொதுத் தறியின் பயனே அதுதான்.

“அவள் கணவருக்குச் சம்பளம் உண்டு, பின்னர் பென்ஷனும் உண்டு; ஏழை நெசவாளி இருக்க அவளுக்கேன் சலுகை?” என்பது இரண்டாவது. இது நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்கத் தக்கதன்று. விடை இதுதான்: நாம் கேட்பது இலவசம் அன்று, இடம். கட்டணம் அவளும் செலுத்துகிறாள். கூடத்தில் எஞ்சிய இடங்கள் தறியில்லாத ஏனைய பெண்களுக்கும் திறந்தே இருக்க வேண்டும். மேலும், சாதாரணப் படைவீரர் பலர் நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்றுவிடுகின்றனர். அந்நாளில் குழந்தைகளின் படிப்புச் செலவு உச்சத்தில் இருக்கும். 2022 இல் தொடங்கிய அக்னிபாத் திட்டத்தில் சேர்வோர் நான்காண்டு பணிபுரிகின்றனர். அவர்களில் 25 விழுக்காட்டினர் வரையிலேயே தொடர்ந்து பணியில் வைத்துக்கொள்ளப்படுவர். ஏனையோருக்கு ஒரு தொகை உண்டு, பென்ஷன் இல்லை. மனைவியின் தொழில் உயிரோடு இருந்தால் அந்நாளில் அது குடும்பத்தைத் தாங்கும். போரில் கணவரை இழந்தவளுக்கோ அதுவே ஊன்றுகோல்.

“விதி இடந்தராது” என்பது மூன்றாவது. விதி மனிதர் வகுத்ததே. வெளியூர் செல்லும் அங்கத்தினரின் பங்குத் தொகையைத் திருப்பிக் கொடுத்துப் பெயரை நீக்குவதற்குப் பதிலாக, அவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளவோ இணை உறுப்பினராக ஏற்கவோ வழியுண்டா என்பதைச் சட்டத்தையும் துணை விதிகளையும் கொண்டு கூட்டுறவுத் துறை அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும். தேவையாயின் துணை விதியைத் திருத்தப் பொதுக்குழுவுக்கு அதிகாரம் உண்டு.

கூட்டுறவுக் கொள்கை கூறுவது

1844 இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடித் தங்கள் கடையைத் தொடங்கினர். அவர்களில் நெசவாளரும் இருந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற நெறியே விரிந்து, 1995 இல் உலகக் கூட்டுறவாளர் ஏற்ற ஏழு கொள்கைகளாயிற்று. அவற்றில் முதலாவது, வாயில் எவர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்பது. ஆறாவது, சங்கமும் சங்கமும் ஒத்துழைக்க வேண்டும் என்பது.

இந்த ஆறாவது கொள்கையை நாம் அதிகம் கையாண்டதில்லை. இங்கிருந்து செல்லும் பெண்ணுக்கு நம் சங்கம் ஒரு தொழிற்சான்று கொடுக்கலாம். அவள் எத்தனை ஆண்டு உழைத்தாள், எவ்வகை நெசவு அறிவாள், நூல் கணக்கில் நேர்மையுடையவளா என்பன அதில் இருக்கும். அவள் சென்றடையும் ஊரில் உள்ள நெசவாளர் சங்கமோ தையற் சங்கமோ அதை மதித்து அவளுக்கு இடம் தரலாம். அங்கிருந்து இங்கு வரும் பெண்ணுக்கு நாமும் அவ்வாறே செய்யலாம். அச்சுப் பிணைப்பவர் பழைய பாவின் இழை நுனியோடு புதிய பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறோம். பழைய பாவு முடிந்தது என்று அறுத்து எறிந்தால் மீண்டும் ஒவ்வோர் இழையையும் அச்சில் கோக்க நேரும். தொழிலறிந்த பெண்ணை அங்கத்தினர் பட்டியலிலிருந்து நீக்குவதும் அத்தகையதே.

தொடங்கும் முறை

பெரிய கட்டடத்துக்குக் காத்திருக்க வேண்டா. முதல் மாதம், சங்க எல்லைக்குள் உள்ள படைவீட்டுப் பெண்களின் பெயர், தெரிந்த தொழில், ஊரில் இருக்கக்கூடிய காலம் ஆகியவற்றைப் பட்டியலிடுக. இரண்டாம் மாதம், அவர்களையே கூட்டி, எந்நேரம் வரமுடியும், எவ்வேலை வேண்டும் என்று கேட்டறிக. அவர்களைக் கேளாமல் நாமே முடிவு செய்யலாகாது. மூன்றாம் மாதம், சங்கக் கட்டடத்தில் வெறுமையாகக் கிடக்கும் ஓர் அறையைத் துப்புரவு செய்து, ஒரு தறியும் நான்கு மேசைகளும் போட்டுத் தொடங்குக. குழந்தை உறங்க ஒரு தூளி கட்டவும், பெண்களுக்குக் கழிப்பிடமும் அவசியம். இவையின்றி எத்தனை மேசை போட்டாலும் எவரும் வரார். படைவீரர்க்கு ஆண்டு விடுமுறை உண்டு. அவர் வீட்டிலிருக்கும் அந்நாட்களில் அவள் இடத்தை வேறொருவருக்குத் தந்து, பின்னர் அவளுக்கே திருப்பித் தருக.

படித்து ஆராய்வதற்கு

1. உங்கள் தெருவில் தறி தெரிந்தும் தறியின்றி இருக்கும் பெண்கள் எத்தனை பேர்? அவர்களில் படைவீட்டார் எத்தனை பேர்?

2. உங்கள் சங்கத்தின் துணை விதிப்படி, எல்லையை விட்டுச் செல்லும் அங்கத்தினரின் நிலை யாது?

3. உங்கள் சங்கக் கட்டடத்தில் பயன்படாத அறையோ பயன்படாத நேரமோ உண்டா?

4. மேற்கண்ட கணக்கில் மாதச் செலவு 10,800 ரூபாயாகி, 9 இடங்களில் 18 பேர் அரைநாள் வந்தால், ஆளுக்கு எவ்வளவு கட்டணம்?

5. மூவகை வேலைகளில் உங்கள் சங்கம் இம்மாதமே கொடுக்கக்கூடியது எது?

அங்கத்தினர்கள் இக்கேள்விகளை அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசுதல் நலம். எல்லையில் நிற்பவர் நம் வீட்டைக் காக்கிறார் என்று மேடையில் போற்றுகிறோம். அவர் வீட்டில் ஒரு தறிக்குழி மூடாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம்மால் ஆகக்கூடிய காரியம். அதைச் செய்வோம்.